டிரம் மெஷினுக்கு டிஸ்டார்ஷன் பெடல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டிரம் மெஷினின் அவுட்புட்டை நேராகக் கிட்டார் ஓவர்டிரைவ் (அலையை வெட்டிக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வகை) பெடலில் சொருகினேன். டிரைவ் குமிழை முழுக்கக் குறைத்தாலும் ஒலி நசுங்கி, இரைச்சலாகவே வருகிறது. பெடல் பழுதா?

பதில்: பழுதில்லை. உள்ளே போகும் சிக்னல் அளவுக்கு மீறிப் பெரியது. கிட்டார் பிக்கப் தருவது பெரும்பாலும் பத்தில் ஒரு வோல்ட் அளவுதான். ஓங்கி மீட்டும்போது அரை வோல்ட், ஒரு வோல்ட் வரை போகலாம். டிரம் மெஷின் தருவதோ லைன் லெவல், அதாவது மிக்ஸர் போன்ற கருவிகளுக்கு அனுப்பும் அளவு. வீட்டு உபயோகக் கருவிகளில் இதன் சராசரி 0.3 வோல்ட், ஸ்டூடியோக் கருவிகளில் 1.2 வோல்ட். தாள ஒலியில் சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியும் மிகப் பெரிது. அடி விழும் கணத்தில் சில வோல்ட் வரை சிக்னல் எகிறும்.

ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவ் குமிழ் கடைசிவரை குறைந்திருக்கும்போதே அதன் பெருக்கம் சுமார் 12 மடங்கு. முழுக்கத் திருகினால் சுமார் 118 மடங்கு. உள்ளே இருக்கும் டயோடுகள் 0.6 வோல்ட்டை ஒட்டியே அலையை வெட்டத் தொடங்கிவிடும். சில வோல்ட் உள்ள அடி இதற்குள் போனால் டயோடுகள் மட்டுமல்ல, 9 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்பும் (பெருக்கும் சிப்) சேர்ந்தே முட்டிக்கொள்ளும். குமிழ் எங்கே இருந்தாலும் முழு டிஸ்டார்ஷன்தான் கேட்கும்.

முதலில் டிரம் மெஷினின் வால்யூமைக் கால் பங்குக்குக் குறைத்துப் பாருங்கள். பல நேரம் இதுவே போதும். ஆனால் சில மெஷின்களில் வால்யூம் குமிழுக்குப் பின்னாலுள்ள பகுதியிலிருந்தே 'உஸ்' இரைச்சல் வரும். அப்போது வால்யூமைக் குறைத்தால் தாளம் மட்டும் குறையும், இரைச்சல் அப்படியே நிற்கும். அதற்கு மெஷினுக்கும் பெடலுக்கும் நடுவே இரண்டு ரெசிஸ்டர் கொண்ட ஒரு சின்ன டப்பா செய்துகொள்ளலாம். சிக்னல் கம்பியில் தொடராக 10 கிலோ ஓம். அதைத் தாண்டியதும் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம். சிக்னல் பதினொன்றில் ஒரு பங்காகும், அதாவது சுமார் 21 டெசிபல் குறையும். அது அதிகம் என்று பட்டால் 1 கிலோ ஓமுக்குப் பதில் 2.2 கிலோ ஓம் போடுங்கள். சுமார் 15 டெசிபல் குறையும். கடையில் கிடைக்கும் ரீஆம்ப் பாக்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரீஆம்ப் பாக்ஸ் கிரவுண்டையும் பிரித்துக் கொடுக்கும், அதனால் 'ம்ம்ம்' என்ற ஹம் வராது.

சிக்னல் சரியான அளவுக்கு இறங்கியதும் டிரைவ் குமிழின் முழுச் சுற்றும் பயன்படத் தொடங்கும். மெல்லிய அடி சுத்தமாகவும், அழுத்தமான அடி கரகரப்பாகவும் வந்தால் அளவு சரி என்று பொருள்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து சாதாரண மோனோ கேபிளில் பெடலுக்குப் போகாதீர்கள். ஸ்டீரியோ ஜாக்கில் மோனோ பிளக் நுழைந்தால் வலது பக்க ஆம்பின் அவுட்புட் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிறது. சில மெஷின்கள் தாங்கும், சில தாங்காது.

கேள்வி: ஓவர்டிரைவ் போட்டதும் கிக்கின் (பேஸ் டிரம்) அடி கனம் காணாமல் போகிறது. கனமும் வேண்டும், கரகரப்பும் வேண்டும். என்ன செய்வது?

பதில்: இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், விரிவாகவே பார்ப்போம்.

கிட்டார் பெடல் கிட்டாருக்காகச் செய்யப்பட்டது. கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அதன் கீழ்ப்பகுதியை அதிகம் பெருக்கினால் ஒலி கூழாகிவிடும் என்பதால் பெடல் செய்பவர்கள் அதை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகிறார்கள். டியூப் ஸ்க்ரீமரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. டிரைவ் முழுக்க இருக்கும்போது நடுப்பகுதிக்கு 118 மடங்கு என்றால், 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கிக்குக்குக் கிடைப்பது சுமார் 8 மடங்குதான். கனம் வெட்டி எறியப்படவில்லை. மற்றதெல்லாம் மேலே ஏறிவிட்டதால் அது கீழே தங்கிவிட்டது.

ஆகவே முதல் வழி, பெடலை மாற்றுவது. ப்ரோகோ ராட் பெடலில் பெருக்கம் 60 ஹெர்ட்ஸை ஒட்டியே தொடங்கி, 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல் இன்னும் கூடும். கிக்குக்கு அது நன்றாகவே பொருந்தும். அதன் ஃபில்டர் குமிழ் தலைகீழாக வேலை செய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வலப்புறம் திருகினால் கூர்மை குறையும். பிக் மஃப் அடி கனத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் நடுப்பகுதியைக் குடைந்துவிடும். ஸ்நேர் டிரம்மின் உடல் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது, எனவே ஸ்நேருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். பேஸ் கிட்டாருக்கான பாஸ் ஓடிபி-3, சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் போன்றவற்றில் சுத்த ஒலியையும் கெட்ட ஒலியையும் கலக்கும் குமிழே இருக்கிறது. டிரம்முக்கென்று ஒரே ஒரு பெடல் வாங்கப் போகிறீர்கள் என்றால் அப்படிக் கலக்கும் குமிழ் உள்ளதை வாங்குங்கள்.

இரண்டாவது வழி, கையில் இருக்கும் பெடலையே இணையாக ஓட்டுவது. கிக் மிக்ஸரின் ஒரு சேனலில் சுத்தமாக வரட்டும். அந்தச் சேனலின் ஆக்ஸ் சென்டிலிருந்து (சிக்னலின் நகலை வெளியே அனுப்பும் ஜாக்) பெடலுக்கு, பெடலிலிருந்து இன்னொரு சேனலுக்கு. அந்த இரண்டாவது சேனலின் ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். தவறிப்போய்த் திறந்தால் பெடலின் ஒலி பெடலுக்கே திரும்பிப் போய் ஊளையிடும், ஸ்பீக்கருக்கே ஆபத்து. திரும்பி வரும் சேனலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அடி கனத்தைச் சுத்தச் சேனல் தரும், கரகரப்பைப் பெடல் சேனல் தரும். முதலில் சுத்தச் சேனலை வைத்துக்கொண்டு, பெடல் சேனலை மெதுவாக ஏற்றுங்கள். தனியாகக் கேட்கும்போது போதாது என்று தோன்றும் அளவுதான் முழுப் பாட்டுக்குள் சரியாக அமையும்.

இங்கே பலர் சறுக்குவது போலாரிட்டியில். சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கி அனுப்பும். அப்போது சுத்த ஒலியும் பெடல் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டையும் சேர்த்தால் கிக் கூடுவதற்குப் பதில் மெலியும். இரண்டு சேனலையும் ஒரே அளவில் வைத்து, 120 ஹெர்ட்ஸ் வெட்டைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுக் கேளுங்கள். மெலிந்தால் பெடல் சேனலின் போலாரிட்டியை மாற்றுங்கள். மிக்ஸரில் அந்தப் பொத்தான் இல்லையென்றால், பேலன்ஸ்டு இன்புட்டுக்குப் போகும் கேபிளின் பிளக்கில் சிக்னலை ரிங்கில் (நடு வளையம்) இணைத்து, டிப்பை (முனை) கிரவுண்டோடு சேர்த்தால் போதும்.

டிஜிட்டல் பெடலை இணையாக ஓட்டினால் வேறொரு தொல்லை. அது எடுத்துக்கொள்ளும் தாமதம் 1 மில்லி நொடி என்றால் 500 ஹெர்ட்ஸிலும், பிறகு 1,500, 2,500 என்று வரிசையாகவும் ஒலியில் பள்ளம் விழும். குழாய்க்குள் தட்டுவது போல் கேட்டால் காரணம் இதுதான். அனலாக் பெடலில் இந்தத் தொல்லை இல்லை.

கிக்கில் கரகரப்பு எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸைச் சின்ன ஸ்பீக்கர்களால் எழுப்பவே முடியாது. அலையின் மேலும் கீழும் சமமாக வெட்டும்போது 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) பிறக்கின்றன. காது அவற்றைக் கேட்டு, அடியில் 50 ஹெர்ட்ஸ் இருப்பதாகவே உணரும்.

கேள்வி: முழுத் தாளத்தையும் ஒரே பெடலில் விட்டால் கிக் விழும்போதெல்லாம் ஹை-ஹாட் (ஜோடிச் சிம்பல் ஒலி) மறைந்துபோகிறதே?

பதில்: கிக்கின் பெரிய அலை உச்சவரம்பைத் தொட்டு அங்கேயே நிற்கும் நேரத்தில், அதன் முதுகில் ஏறி வரும் ஹை-ஹாட்டின் சின்ன அலைகளும் சேர்ந்து வெட்டுப்படுகின்றன. கிக் இறங்கிய பிறகுதான் ஹை-ஹாட்டுக்கு இடம் கிடைக்கிறது. அதோடு இரண்டும் கலந்து, கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வெண்கள் பிறக்கும். இவை எந்தச் சுருதிக்கும் பொருந்தாதவை. இந்த மூச்சிரைப்பே வேண்டும் என்று செய்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை.

வேண்டாம் என்றால் ஒலிகளைப் பிரிக்க வேண்டும். ரோலண்ட் டிஆர்-808, டிஆர்-909 போன்றவற்றில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி அவுட்புட் உண்டு. உங்கள் மெஷினில் இடது, வலது இரண்டு மட்டுமே இருந்தாலும் கவலை வேண்டாம். கிக்கை முழுக்க இடப்பக்கமும் மற்ற எல்லாவற்றையும் முழுக்க வலப்பக்கமும் பேன் செய்யுங்கள். இரண்டு மோனோ அவுட்புட் கிடைத்துவிட்டது. இடதை ஒரு பெடலுக்கும் வலதை இன்னொன்றுக்கும் அனுப்பி, மிக்ஸரில் இரண்டையும் நடுவில் வையுங்கள். மெஷினுக்குள்ளிருக்கும் ஸ்டீரியோ ரிவெர்பை (எதிரொலி விளைவு) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிக்கின் வால் மறுபக்கமும் கசியும்.

கேள்வி: 1990-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் வளர்ந்த கேபர் என்னும் வேகமான டெக்னோ இசையின் கிக்கை வன்பொருளிலேயே செய்ய முடியுமா?

பதில்: அது பிறந்ததே வன்பொருளில்தான். 1983-ல் வந்த டிஆர்-909-இன் கிக்கை அளவு மீறி ஓவர்டிரைவ் செய்ததிலிருந்தே அந்த ஒலி வந்தது. 909 இல்லாவிட்டாலும், தொடக்கத்தில் சுருதி சட்டென்று இறங்கி, பிறகு நீண்ட சைன் வாலாக நிற்கும் எந்தக் கிக்கும் உதவும்.

சூட்சுமம் அந்த வாலில் இருக்கிறது. தேயும் சைன் அலையை வெட்டும் அளவைத் தாண்டி 20 டெசிபல் ஏற்றிவிட்டால், அது 20 டெசிபல் தேயும்வரை உச்சவரம்பிலேயே தட்டையாக நிற்கும். மெல்லத் தேய்ந்த வால், கிட்டத்தட்ட சதுர அலையாகி, ஒரே உரப்பில் நீண்டு, கடைசியில் திடீரென்று விழுகிறது. இதனால் டிகே குமிழ் (ஒலி தேயும் நேரத்தை வைப்பது) இப்போது நீளத்தை மட்டுமல்ல, ஒலியின் குணத்தையும் தீர்மானிக்கும். டிகேயை நீளமாக வைத்து, பெடலுக்கு முன்னால் ஒரு ஈக்யூவில் (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சில டெசிபல் ஏற்றுங்கள். பெடலுக்கு முன்னுள்ள ஈக்யூ எது கெட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். பின்னுள்ள ஈக்யூ கெட்டதில் எது கேட்க வேண்டும் என்பதை. ஒரே பெடலில் முழு டிரைவ் வைப்பதைவிட, மிதமான டிரைவில் இரண்டு பெடல், நடுவே ஒரு ஈக்யூ என்று வைத்தால் ஒலியைச் செதுக்க இடம் கிடைக்கும்.

வேகம் 170 பிபிஎம் (நிமிடத்துக்கு 170 அடி) என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 353 மில்லி நொடி. வால் அதற்குள் விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் அடுத்த அடியின் தொடக்கம் பழைய வாலோடு மோதி மழுங்கும். வால் இப்போது தெளிவான சுரமாகக் கேட்கும் என்பதால், மெஷினின் டியூன் குமிழில் அதைப் பாட்டின் சுருதிக்குச் சேருங்கள். டியூன் குமிழ் இல்லாத மெஷின் என்றால் பாட்டின் சுருதியைக் கிக்குக்குச் சேர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: எலக்ட்ரானிக் டிரம் கிட்டில் பேடுக்கும் மாட்யூலுக்கும் (ஒலியை உண்டாக்கும் பெட்டி) நடுவே பெடலை வைக்கலாமா?

பதில்: கூடாது. பேடுக்குள் இருக்கும் பீசோ சென்ஸர் அனுப்புவது ஒலியல்ல, அடியின் வலிமையைச் சொல்லும் ஒரு துடிப்பு. பெடல் அந்தத் துடிப்பின் உச்சத்தை வெட்டிவிட்டால், மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் மாட்யூலுக்கு ஒன்றுதான். வாலைப் பெடல் தூக்கிவிடுவதால் ஒரே அடி இரண்டு அடியாகவும் பதியும். ரிம் (விளிம்பு) தனியாக ஒலிக்கும் பேடுகளின் கேபிள் ஸ்டீரியோ. மோனோ பெடலில் ரிம் அறுந்தே போகும். பெடலின் இடம் மாட்யூலின் அவுட்புட்டுக்குப் பிறகுதான்.

கேள்வி: பெடலைச் சேர்த்ததும் 'கீஈஈ' என்று ஒரு மெல்லிய ஊளை. தாளம் நின்றாலும் நிற்பதில்லை.

பதில்: உயர்ந்த ஊளை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை. டிரம் மெஷினின் டிஜிட்டல் பகுதியும் பெடலும் ஒரே அடாப்டரைச் சங்கிலியாகப் பகிரும்போது, டிஜிட்டல் கடிகாரத்தின் இரைச்சல் கிரவுண்டு வழியே பெடலுக்குள் நுழையும். பெடல் அதை நூறு மடங்கு பெருக்கும். பெடலைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஊளை நின்றால் தனித்தனி அவுட்புட் உள்ள ஐசோலேட்டட் சப்ளைதான் தீர்வு. யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கியதும் நின்றால், அது கணினி வழியாக வரும் கிரவுண்டுச் சுற்று.

50 அல்லது 60 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்றால் கிரவுண்டு லூப், அதாவது கருவிகளின் கிரவுண்டு ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து உண்டாகும் சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸோ (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) ரீஆம்ப் பாக்ஸோ அதை அறுக்கும். பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் அகற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

அடாப்டரை மாற்றிச் சொருகும்போது முனை திசையைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களில் நடுமுனை நெகட்டிவ். கோர்க் வோல்காவும் 9 வோல்ட்தான், ஆனால் நடுமுனை பாசிட்டிவ். பிளக் பொருந்துகிறது என்பதை நம்பி மாற்றினால் கருவி போய்விடும்.

வெறும் 'உஸ்' மட்டும் என்றால் நாய்ஸ் கேட் (சிக்னல் இல்லாதபோது ஒலியை மூடும் கருவி) போதும். கேட், பெடலுக்கு முன்னுள்ள சுத்த சிக்னலைக் கேட்டுத் திறக்க வேண்டும், மூட வேண்டியதோ பெடலுக்குப் பின்னால். பாஸ் என்எஸ்-2 போன்றவற்றில் இதற்கென்றே சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள் உள்ளன. பெடலை அந்த வளையத்துக்குள் வையுங்கள்.

கேள்வி: சாலிடரிங் தெரியும். டிரம்முக்கென்று எளிய டிஸ்டார்ஷன் ஒன்று செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. லைன் லெவல் ஏற்கெனவே பெரிது என்பது பெடலுக்குத்தான் தொல்லை, இங்கே அதுவே வசதி. பெருக்க வேண்டியதில்லை, பேட்டரியும் வேண்டாம். இன்புட் ஜாக்கிலிருந்து 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர். அதன் நடுக்காலிலிருந்து தொடராக 2.2 கிலோ ஓம். அங்கிருந்து கிரவுண்டுக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு 1என்4148 டயோடு. பிறகு 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் வழியாக அவுட்புட். அலை சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டுப்படும். அந்தக் கெபாசிட்டரைச் சின்னதாக்காதீர்கள். 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் 1 மைக்ரோ ஃபாரட் என்றால் வெட்டு 16 ஹெர்ட்ஸில் விழும், 0.1 போட்டால் 160 ஹெர்ட்ஸ், கிக்கே போய்விடும்.

டயோடை மாற்றினால் குணம் மாறும். சிவப்பு எல்ஈடி இரண்டு போட்டால் சுமார் 1.7 வோல்ட்டில்தான் வெட்டும்; அடியின் முனை மட்டும் மழுங்கும், ஸ்நேருக்கு அருமை. ஜெர்மேனியம் டயோடு 0.3 வோல்ட்டை ஒட்டியே மெல்லத் தொடங்கும். ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் தொடராக இரண்டு என்று வைத்தால் வெட்டு சமமில்லாமல் போய் இரட்டைப்படை ஹார்மானிக்குகளும் பிறக்கும்; ஒலி சற்றுத் தடிக்கும். ஒலி சுத்தமாகவே வருகிறது என்றால் மெஷினின் அவுட்புட் போதவில்லை, வால்யூமை ஏற்றுங்கள்.

கேள்வி: பெடலே இல்லாமல் மிக்ஸரின் கெயினை ஏற்றிக் கெடுத்தால் மிக்ஸர் பாழாகுமா?

பதில்: லைன் லெவல் சிக்னலை வைத்து சேனலின் ஆப்-ஆம்பை முட்டவைப்பதால் மிக்ஸருக்கு ஒன்றும் ஆகாது. 1990-களில் மேக்கி சிஆர்-1604 மிக்ஸரை இப்படி ஓட்டிப் பதிவு செய்தவர்கள் பலர். கெயினை ஏற்றுங்கள், அதே அளவு ஃபேடரை இறக்குங்கள். ஆபத்து ஸ்பீக்கரின் ட்வீட்டருக்கும் காதுக்கும்தான், ஃபேடரை இறக்காமல் கெயினைத் தொடாதீர்கள். மைக் இன்புட்டில் சொருகினால் 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக்குக்கு மிக்ஸர் தரும் மின்சாரம்) அணைந்திருக்கட்டும். எல்லா மிக்ஸரும் இனிமையாக முட்டாது என்பதையும் சொல்லவேண்டும். சில வெறும் படபடப்பாகவே உடையும்.

கேள்வி: பிக் மஃபை ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுத்தால் ஒலி மெலிந்து வருகிறது.

பதில்: அதன் கடைசி உறுப்பு 100 கிலோ ஓம் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர். குமிழ் நடுவாக்கில் இருக்கும்போது அவுட்புட் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 25 கிலோ ஓம் வரை போகும். 10 கிலோ ஓம் லைன் இன்புட் அதை இழுத்துச் சாய்க்கும், சுமார் 11 டெசிபல் இழப்பு. இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் கொடுங்கள், அல்லது பின்னால் பஃபர் (அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும் பகுதி) உள்ள ஏதாவது ஒரு பெடலை வையுங்கள்.

கேள்வி: ஹை-ஹாட்டுக்கு டிஸ்டார்ஷன் போட்டால் காதைக் கிழிக்கிறது.

பதில்: கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. பெடலின் முரட்டுத்தனத்தை அங்கே ஸ்பீக்கரே வடிகட்டிவிடுகிறது. நீங்கள் நேராக முழு வீச்சு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறீர்கள். பெடலுக்குப் பிறகு 7 அல்லது 8 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வையுங்கள். 808 வகை ஹை-ஹாட் ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்களின் கலவை. அதிலேயே ஹார்மானிக்குகள் நிரம்பி வழிகின்றன. அதைக் கெடுக்கும்போது எல்லாம் எல்லாவற்றோடும் மோதி வெறும் இரைச்சலாகும். டிரைவ் மிகக் குறைவாக, டிகே குட்டையாக வைத்து, அக்சென்ட் (அழுத்தம்) விழும் அடி மட்டும் வெட்டுப்படும்படி இன்புட் அளவைச் சரிசெய்யுங்கள். அக்சென்ட் அடி அதிகம் உரக்காது, நிறம் மாறும்.